ஹேட்சருக்கு ஒரு டிகிரி கம்மி

போன மாதம் இசக்கி போன் செய்தான். நான் வேலை பார்த்த கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் இப்போது மெஷின் பகுதிக்கு அவன்தான் பொறுப்பு. "அண்ணாச்சி, கடைசியா இருந்த பாரன்ஹீட் மெஷினையும் கழத்தியாச்சு. இனிமே எல்லாம் செல்சியஸ்தான். புதுசா வந்தவனுவ பாரன்ஹீட்டுன்னா ஆஸ்பத்திரியில காய்ச்சல் பாக்குததுதானன்னு கேக்கானுவ. நீங்க ஒரு நா வந்து ரெண்டு வார்த்த பேசுங்களேன்" என்றான்.

வருகிறேன் என்றுதான் சொன்னேன். வீட்டில் தடுத்துவிட்டாள். "நீங்க ரெண்டு வார்த்த பேசுனா அதுல ஒண்ணரை வார்த்த ஏச்சாத்தான் இருக்கும். எழுதிக் குடுங்க" என்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் நடத்தியவள், தெரியாமலா சொல்வாள். அதனால் எழுதுகிறேன். படிக்கிற பிள்ளைகள் இதில் ஏச்சு வருகிற இடத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

சங்கரன்கோவிலில் வேலை என்றால் தறிதான். என் வீட்டுக்கு வலது பக்கம் தறி, இடது பக்கம் தறி. எனக்கு அந்தச் சத்தம் ஒத்துவரவில்லை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்துவிட்டு, ஊருக்கு வெளியே இருந்த பொரிப்பகத்துக்கு வயரிங் வேலைக்குப் போனேன். போனவன் அங்கேயே தங்கிவிட்டேன். முட்டைத் தட்டு கழுவியிருக்கிறேன், குஞ்சு எண்ணியிருக்கிறேன், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியிருக்கிறேன். கடைசியில் செட்டர் ஹாலுக்கு சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றேன். என் கையால் வெளியே போன குஞ்சுகளை யாராவது எண்ணியிருந்தால் நம்ம தாலுகாவில் மனுஷனைவிட அதுதான் அதிகமாக இருக்கும்.

வெளியாட்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். கோழி முட்டை பொரிக்க இருபத்தொரு நாள். முதல் பதினெட்டு நாள் முட்டை இருக்கிற மெஷினை செட்டர் என்போம். அதில் தட்டு அசைந்துகொண்டே இருக்கும். கடைசி மூன்று நாளைக்கு முட்டையை வேறு மெஷினுக்கு மாற்றுவோம். அது ஹேட்சர். அதில் அசைவு கிடையாது, குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வருகிற இடம் அது. செட்டரில் இருக்க வேண்டிய சூடு பாரன்ஹீட்டில் தொண்ணூற்றொன்பதரை. நாங்கள் வேலை கற்றதே அந்த எண்ணில்தான். பேர் கேட்டால்கூடச் சில சமயம் தொண்ணூற்றொன்பதரை என்று வாயில் வந்துவிடும்.

இதில் அரை டிகிரி என்பது சாதாரணம் இல்லை. நமக்கெல்லாம் ஒரு டிகிரி ஏறினால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவோம். முட்டைக்குள் இருப்பதற்கு அப்படி இல்லை. ஒரு டிகிரி தொடர்ந்து ஏறினால் அவசரப்பட்டு வெளியே வந்து தொப்புள் மூடாமல் கிடக்கும். இறங்கினால் பிந்தும், பலம் இருக்காது, ஓட்டோடு சண்டை போட்டே களைத்துப்போகும்.

மெஷினில் இருக்கிற மீட்டரை நாங்கள் நம்புவதில்லை. அதைச் சோதிக்க ஒரு முறை வைத்திருந்தோம். சோதிப்பது எதால் என்றால், டாக்டர் கக்கத்தில் வைக்கிற காய்ச்சல் தெர்மாமீட்டரால்தான். சிரிக்காதீர்கள். அதன் கோடுகள் தொண்ணூற்று நான்கில் தொடங்கி நூற்றெட்டில் முடியும், எங்களுக்கு வேண்டிய இடம் சரியாக அதற்குள் இருக்கிறது. பாதரசத்தை உதறி இறக்கி, முட்டைகளுக்கு நடுவே, ஓட்டு உயரத்தில், எதிலும் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும். கதவைச் சாத்திவிட்டுக் காத்திருந்து எடுக்க வேண்டும். ஏறின பாதரசம் இறங்காமல் நிற்கும் என்பதால் கதவைத் திறக்கும்போது உள்ளே வருகிற காற்று அதை ஏமாற்ற முடியாது. மருந்துக்கடையில் நான் ஒரே நேரத்தில் ஆறு தெர்மாமீட்டர் வாங்குவதைப் பார்த்துவிட்டு, "வீட்டுல அத்தன பேருக்கும் காய்ச்சலா அண்ணாச்சி?" என்று கடைக்காரர் விசாரித்ததும் உண்டு. ஆமாம், ஐம்பதாயிரம் பேருக்கு என்றேன்.

எங்கள் மேனேஜர் ஜெபராஜ் சார். பாளையங்கோட்டைக்காரர். வெள்ளைக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு ஹாலுக்குள் வந்தால் ஈரத்தரையிலும் சத்தம் கேட்காது. என் சர்வீஸில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. ஆனால் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு நின்றால் அவரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வரும். "எதுல?"

"சார், நாலாம் நம்பர் மெஷின் தொண்ணூத்தொம்பது."

"எதுல?"

எல்லாமே பாரன்ஹீட்டாக இருந்த காலத்திலும் இதே கேள்விதான். தொண்ணூற்றொன்பது செல்சியஸ் என்றால் முட்டை வெந்துபோயிருக்கும், அது அவருக்குத் தெரியாதா? எனக்கு எரிச்சலாக வரும். ஒரு நாள், "சார், அவிச்ச முட்டையா இருந்தா நானே உரிச்சுத் திங்கேன், எதுலன்னு வேற கேக்கணுமா?" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "சரி. எதுல?" என்றார். பாரன்ஹீட் சார் என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தார்.

அந்தக் கேள்வியின் அருமை முதல் செல்சியஸ் மெஷின் வந்த வாரத்திலேயே தெரிந்துபோனது. மற்ற செட்டர்கள் எல்லாம் பாரன்ஹீட், புதிதாக வந்த ஒன்று மட்டும் செல்சியஸ். மத்தியானம் நாங்கள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம். வாட்ச்மேன் பால்பாண்டி ஹால் பக்கம் எட்டிப்பார்த்திருக்கிறார். எல்லா மெஷினிலும் தொண்ணூற்றொன்பதரை, இதில் மட்டும் முப்பத்தேழரை. மனுஷன் பதறிவிட்டார். மெஷின் குளிர்ந்துபோய்விட்டது, முட்டையெல்லாம் போச்சு என்று சாமான் கிட்டங்கியில் கிடந்த சாக்கு அத்தனையையும் எடுத்துவந்து மெஷின்மேல் போர்த்திவிட்டார். காற்றுத் துவாரத்தில்கூட ஒரு சாக்கைச் சுருட்டி அடைத்திருந்தார். நாங்கள் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் மெஷின் கம்பளி போர்த்திய காய்ச்சல்காரன் மாதிரி நிற்கிறது, அலாரம் கத்துகிறது, பால்பாண்டி மேலே இன்னொரு சாக்கைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

"எவ்ளோ போத்தியும் நாப்பதத் தாண்ட மாட்டேங்கு அண்ணாச்சி!" என்றார் பாவம்.

நல்லவேளை, சீக்கிரம் வந்துவிட்டோம். சாக்கை உருவிப்போட்டுக் கதவைத் திறந்துவிட்டுச் சூட்டை இறக்கினோம். பால்பாண்டியை யாரும் ஏசவில்லை. அவர் வேலை முட்டையைக் காப்பாற்றுவது, அவருக்குத் தெரிந்த விதத்தில் காப்பாற்றினார்.

அதற்குப் பிறகு நான் கணக்கை மனப்பாடம் ஆக்கினேன். பாரன்ஹீட்டிலிருந்து முப்பத்திரண்டைக் கழி, ஐந்தால் பெருக்கு, ஒன்பதால் வகு என்பது பள்ளிக்கூடத்து வழி. போகும்போது ஒரு மாதிரி, திரும்பும்போது வேறு மாதிரி என்பதால் எங்கள் ஆட்களுக்கு அது குழம்பும். நான் பிடித்துக்கொண்டது நாற்பது வழி. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் முதலில் நாற்பதைக் கூட்டு, முடிவில் நாற்பதைக் கழி. நடுவில் பாரன்ஹீட் வேண்டுமானால் ஒன்பதால் பெருக்கி ஐந்தால் வகு. செல்சியஸ் வேண்டுமானால் ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகு. முப்பத்தேழரையோடு நாற்பதைக் கூட்டினால் எழுபத்தேழரை. அதை ஒன்பதால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் நூற்று முப்பத்தொன்பதரை. நாற்பதைக் கழித்தால் நம்ம தொண்ணூற்றொன்பதரை. பூஜ்யத்துக்குக் கீழே நாற்பதில் இரண்டு அளவும் ஒரே எண்ணைக் காட்டுவதால்தான் இது சரியாக வருகிறது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் நின்றுகொண்டு மைனஸ் நாற்பதைப் பற்றிப் பேசினால் மற்றவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். இப்போது போனில் தட்டினால் வந்துவிடுகிறது என்கிறீர்கள். போன் சரியாகத்தான் சொல்லும். கேட்கிற கேள்வி சரியா என்று அது சொல்லாது. அதற்குத்தான் இந்தக் கதை.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஹேட்சர் சூடு எவ்வளவு என்று யாரும் எண்ணாகச் சொல்லமாட்டோம். "செட்டரைவிட ஒண்ணு கம்மி" என்போம். கடைசி மூன்று நாளில் குஞ்சே சூடு கொடுக்க ஆரம்பித்துவிடும், அதனால் மெஷின் ஒரு டிகிரி குறைவாக இருக்க வேண்டும். வேலைக்கு வருகிறவன் முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற பாடம் அது. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் அப்படித்தான் சொன்னேன்.

புது ஹேட்சர் ஒன்று வந்தது, செல்சியஸில். பொருத்த வந்த மெக்கானிக் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், வேலையில் சுத்தமான ஆள். ஹேட்சர் பார்க்கிற சண்முகத்திடம் எவ்வளவு வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சண்முகம் வழக்கம்போல, "செட்டரைவிட ஒண்ணு கம்மி" என்றிருக்கிறான். செட்டர் முப்பத்தேழரை, ஒன்று போனால் முப்பத்தாறரை. வைத்துவிட்டார். ஜெபராஜ் சார் வந்து காய்ச்சல் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுச் சோதித்தார். தொண்ணூற்றேழு புள்ளி ஏழு. கணக்குப் போட்டால் முப்பத்தாறரைதான். மெஷின் பொய் சொல்லவில்லை என்று கையெழுத்துப் போட்டார். நான் அந்தப் பக்கம் செட்டர் ஹாலில் இருந்தேன். என்னைக் கேட்டிருந்தாலும் ஒன்று கம்மி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்த ஹேட்சருக்குப் போக வேண்டிய முதல் ஈட்டு முட்டைகளோடுதான் வேலுத்தாயின் முட்டைகளும் இருந்தன.

வேலுத்தாய் குருவிகுளத்துக்குப் பக்கத்துக் கிராமம். ஆடு உண்டு, கொஞ்சம் கரிசல் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலே கோழி உண்டு. அந்த ஈட்டைச் செட்டரில் வைத்த அன்று அவள் கொண்டுவந்தது ஒரு ஓலைப்பெட்டி. கம்புத் தானியத்துக்குள் புதைத்து முட்டைகள், மேலே ஒரு பிளாஸ்டிக் கவர். எங்களிடம் வெளியாள் முட்டையும் பொரித்துக் கொடுப்போம். ஆனால் நோய் வந்த இடத்து முட்டையை வாசலைத் தாண்ட விடமாட்டோம். ஜெபராஜ் சார் கேட்டுக்கு வெளியே நின்று விசாரித்தார்.

"தாய்க்கோழி எப்படி இருக்கு?"

"ஒண்ணுகூட இல்ல சார். நேத்து சாயங்காலத்துக்குள்ள எல்லாம் செத்துப்போச்சு."

அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். "அப்போ முட்டைய எடுக்க முடியாதும்மா."

"நோய் இல்ல சார். நீங்களே பாருங்க." கவரை நீட்டினாள். உள்ளே மக்காச்சோள விதை. ரோஸ் நிறத்தில் இருந்தது. "பக்கத்துப் பிஞ்சையில நேத்துதான் விதச்சாவ. விதையில மருந்து பொரட்டியிருக்கு. என் கோழியெல்லாம் அதக் கிண்டித் தின்னுட்டுவ. ஒவ்வொண்ணா இரப்பையக் கீறிப் பாத்தேன். எல்லாத்துலயும் இதான் கெடந்துச்சு."

கோழிகள் மருந்து தின்பதற்கு முன்னாலேயே இட்ட முட்டை அது. அடைக்கு வைப்பதற்காக அவள் சேர்த்துக்கொண்டிருந்தது. வைப்பதற்கு இப்போது ஒரு கோழிகூட உயிரோடு இல்லை.

என் வாய் சும்மா இருக்காது. "வேற குஞ்சு இங்கனயே வாங்கிட்டுப் போலாமேம்மா? நல்ல நாட்டுக்கோழிக் குஞ்சு இருக்கு" என்றேன்.

வேலுத்தாய் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க வீட்டுப் பிள்ளயக் காணலேன்னா பக்கத்து வீட்டுப் பிள்ளயத் தூக்கிக்கிட்டு வந்துருவீயளா அண்ணாச்சி?"

ஜெபராஜ் சார் கவரை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார். "முட்டைய உள்ள கொண்டு போங்க" என்றார். போகும்போது என்னிடம் மட்டும், "இது போனா அந்த அம்மாவுக்கு மறுமுட்டை கெடையாது, பாத்துக்கிடுங்க" என்றார்.

பார்த்துக்கொண்டேன். அவள் முட்டைகளை ஒரே தட்டில் அடுக்கிப் பென்சிலால் அடையாளம் போட்டேன். நடுவில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் உயிர் ஓடியது. பதினெட்டாம் நாள் என் கையாலேயே எடுத்துப் புது ஹேட்சரில் வைத்தேன்.

இருபத்தொன்றாம் நாள் காலை ஹேட்சரைக் காலி செய்ய வேண்டும். குஞ்சுகளை எடுத்து, பொரியாத முட்டையைக் குழியில் போட்டு, மெஷினைக் கழுவி, மருந்துப் புகை போட்டால்தான் மத்தியானம் அடுத்த ஈடு உள்ளே வர முடியும். இதில் ஜெபராஜ் சார் ஒரு நாள்கூட விட்டுக்கொடுத்ததில்லை. பொரியாததற்காகக் காத்திருந்தால் பொரிந்தது நோய்வாய்ப்படும் என்பார். நியாயமான பேச்சுதான்.

அன்று கதவைத் திறந்து தட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். மற்ற தட்டுகளில் பாதி பொரிந்து, அதிலும் பாதி ஈரத்தோடு கிடக்கிறது. வேலுத்தாய் தட்டில் ஒரு குஞ்சுகூட இல்லை. முட்டைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. வாசலில் வேலுத்தாய் பெட்டியோடு விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று பால்பாண்டி ஏற்கெனவே வந்து சொல்லியிருந்தார்.

ஒரு முட்டையைக் காதில் வைத்தேன். உள்ளே சன்னமாகக் கீச்சென்றது. இன்னொன்று, அதுவும் கீச்சென்றது. சாகவில்லை. பிந்துகிறது.

ஜெபராஜ் சார் வந்தார். "மெஷின் எவ்வளவு?"

"முப்பத்தாறரை சார். செல்சியஸ்" என்று அவர் கேட்கும் முன்பே சொன்னேன்.

"தெர்மாமீட்டர்?"

"தொண்ணூத்தேழு புள்ளி ஏழு. ரெண்டும் ஒத்துப்போகுது."

"வைக்கச் சொன்னது எவ்வளவு?"

சண்முகம் சொன்னான், "செட்டரைவிட ஒண்ணு கம்மி சார்."

"எதுல?" என்றார்.

இத்தனை வருஷமாக அவர் ஆயிரம் தடவை கேட்ட கேள்வியை அன்றுதான் அந்த "ஒண்ணு கம்மி"யைப் பார்த்துக் கேட்டார். ஒன்று கம்மி என்று நாங்கள் சொன்னது பாரன்ஹீட்டில் ஒன்று. மெஷின் குறைத்தது செல்சியஸில் ஒன்று. செல்சியஸ் ஒன்று என்றால் பாரன்ஹீட்டில் கிட்டத்தட்ட இரண்டு. குஞ்சுகள் மூன்று நாளாகக் குளிரில் கிடந்திருக்கின்றன. வேலுத்தாய் முட்டை நாள்பட்டுச் சேர்த்தது, சாதாரணமாகவே பிந்தும். அதனால்தான் அவள் தட்டு மற்றதைவிடப் பின்தங்கிவிட்டது.

சண்முகம் அவசரமாகப் போனை எடுத்து ஒரு பாரன்ஹீட்டுக்கு எத்தனை செல்சியஸ் என்று தட்டினான். மைனஸ் பதினேழு சொச்சம் என்று வந்தது. அவன் முகம் போன போக்கைப் பார்த்தால், அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைகளா, இதைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். ஒரே ரோட்டில் மைல் கல்லும் கிலோமீட்டர் கல்லும் நட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மைல் ஓர் ஊரிலிருந்து எண்ணுகிறது, கிலோமீட்டர் வேறோர் ஊரிலிருந்து எண்ணுகிறது. நிற்கிற இடத்தை மாற்றிச் சொல்ல வேண்டுமானால் எங்கே தொடங்கியது என்ற கணக்கும் வேண்டும், முப்பத்திரண்டும் நாற்பதும் அதற்குத்தான். இன்னும் ஒரு மைல் நட என்று சொன்னால் தொடங்கின ஊரைப் பற்றி என்ன கவலை? மைலைக் கிலோமீட்டர் ஆக்கினால் போதும். ஒரு பாரன்ஹீட் குறைப்பது என்பது செல்சியஸில் அரைக்குக் கொஞ்சம் மேலே குறைப்பது, அவ்வளவுதான். வைத்திருக்க வேண்டியது முப்பத்தாறு புள்ளி ஒன்பது.

ஜெபராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மெஷின் சரியான்னு பாத்தேன். நம்ம சொன்னது சரியான்னு பாக்கல" என்றார். அதற்கு மேல் யார் மேலும் ஒரு சொல் இல்லை.

"சூட்ட நூறுக்கு ஏத்தி வச்சா மத்தியானத்துக்குள்ள வந்துராதா?" என்று சண்முகம் கேட்டான்.

"ஓட்டுக்குள்ளயே வேகும்" என்றேன். "முப்பத்தாறு புள்ளி ஒம்பது வைங்க. ஒரு நா குடுங்க சார்."

"மத்தியானம் அடுத்த ஈடு வரணுமே?"

"அது செட்டர்லயே நாளைக்கு வரைக்கும் இருக்கட்டும். பத்தொம்பதாம் நாள் மாத்துனா ஒண்ணும் ஆகாது. நான் பொறுப்பு."

அவர் எந்த ஈட்டுக்கும் கொடுக்காத ஒரு நாள் அது. தட்டைப் பார்த்தார், வாசல் பக்கம் பார்த்தார். "பொரிஞ்சத மட்டும் எடுத்துட்டு மூடுங்க. நாளைக் காலையில" என்றார்.

அதோடு போகவில்லை. தன் போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மருந்துத் தண்ணீரால் துடைத்து, வேலுத்தாயின் நம்பருக்கு அடித்தார். வெளியாளை ஹேட்சர் ரூமுக்குள் விடக்கூடாது, உள்ளே இருக்கிற முட்டையை வெளியே கொண்டுபோகவும் கூடாது. இரண்டும் அவர் போட்ட சட்டம். என்னிடம் போனை நீட்டி, "முட்டைய இதுகிட்டப் பிடிங்க" என்றார்.

பிடித்தேன். கதவு திறந்திருந்ததால் மெஷின் காற்றாடி நின்று இரைச்சல் அடங்கியிருந்தது.

"அலோ? யாரு?" என்றாள் வேலுத்தாய்.

முட்டை கீச்சென்றது.

"யாரு பேசுதது?"

மறுபடியும் கீச். அப்புறம், "ஏ... உள்ள இருந்துல்லா பேசுது" என்று அவள் யாரிடமோ சொல்வது கேட்டது. நான் முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினேன். ஜெபராஜ் சார் சுவரில் என்னத்தையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கதவைத் திறந்ததும் சத்தம் எங்களை முந்திக்கொண்டு வெளியே வந்தது. அவள் தட்டில் பாதிக்கு மேலே பொரிந்து, காய்ந்து, பூப்பூவாக நின்றது. எத்தனையோ லட்சம் குஞ்சு பார்த்தவன் நான். அன்றைக்கு மார்பு விம்மியது என்றால் பொய் இல்லை.

வேலுத்தாய் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். எண்ணிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் எண்ணவில்லை. "இது செவலையோடது. இந்தக் கோடு பாரு, இது மயிலைக்குப் பொறந்தது. இது கருப்பி, காலப் பாத்தாலே தெரியுது." செத்துப்போன கோழிகளைப் பெயர் சொல்லிச் சொல்லிப் பெட்டிக்குள் விட்டாள். எல்லாவற்றையும் விட்ட பிறகு பெட்டியை ஒரு தடவை கிளறினாள்.

"கொண்டச்சியோடது இல்ல" என்றாள்.

"எப்படிச் சொல்லுதிய?"

"அவளுக்கு உச்சியில கொண்ட உண்டு. அவ பிள்ளைக்குப் பொறக்கும்போதே தலையில பஞ்சு வச்சாப்ல இருக்கும்." பெட்டியை மடியோடு சேர்த்துக்கொண்டாள். "சரி, அவ வரல. இம்புட்டு வந்துச்சே, அதுவே போதும்." கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

உள்ளே தட்டில் பொரியாத முட்டைகள் மிச்சம் இருந்தன. ஒவ்வொன்றாகக் காதில் வைத்தேன். எல்லாம் ஊமை. கடைசியில் ஒன்றில் மூக்குப் பட்ட இடத்தில் சின்னக் கீறல், உள்ளே அசைவு. ஹேட்சரைக் கழுவியே ஆக வேண்டும், இன்னொரு மணி நேரம்கூடக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலே ஜெபராஜ் சார் ஆபீஸ் அறையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியும் மேஜை விளக்கும் கொண்டுவந்து வைத்தார். ஈரத்துணியைப் பிழிந்து ஓரத்தில் போட்டேன். தெர்மாமீட்டரை முட்டைப் பக்கத்தில் தொங்கவிட்டேன். விளக்கை ஏற்றியும் இறக்கியும் தொண்ணூற்றெட்டரையில் நிறுத்தினேன். என் வேலையை அன்றைக்குச் சண்முகம் பார்த்தான். நான் அந்தப் பெட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். பாதரசம் ஏறினால் தானாக இறங்காது என்பதால் திரும்பத் திரும்ப எடுத்து உதறி, திரும்பத் திரும்பத் தொங்கவிட வேண்டும். உதறி உதறிக் கை வலித்தது. சாயங்காலம் தறிக்காரர்கள் டீக்குக் கிளம்புகிற நேரத்தில் ஓடு இரண்டாகப் பிளந்தது. நனைந்த பஞ்சு மாதிரி ஒன்று வெளியே விழுந்து மூச்சு வாங்கியது. காய்ந்த பிறகுதான் உச்சியில் கொண்டை தெரிந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் குருவிகுளம் பஸ் ஏறினேன். மடியில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. கண்டக்டர் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ரெண்டு டிக்கெட்டா அண்ணாச்சி?" என்றார். முழு டிக்கெட் எடுக்கிற ஆள்தான் அது என்று எனக்கு நினைப்பு. அவ்வளவு பெருமையாக நான் எந்தப் பஸ்ஸிலும் உட்கார்ந்து போனதில்லை.

வேலுத்தாய் வீட்டு முற்றத்தில் பஞ்சாரக் கூடையைத் தூக்கிக் குஞ்சுகளுக்கு நொய்யரிசி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் என்னமோ ஏதோ என்று எழுந்தாள். நான் பெட்டியைத் திறந்து நீட்டினேன். உள்ளே கையை விட்டு எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் அதன் உச்சியை ஒரு தடவை நீவிப் பார்த்தாள். என்னை வா என்று சொல்லவில்லை, இரு என்று சொல்லவில்லை, நான் நிற்பதே அவளுக்கு மறந்துபோனது.

"ஏட்டி கொண்டச்சி" என்றாள் அதனிடம், "இம்புட்டு நேரமா வாரதுக்கு?"